தீவு விடுமுறை: சோதனை எங்கே நடந்தால் நல்லது?

2021 டிசம்பர் 22 முதல் தாய்லாந்து 'டெஸ்ட் அண்ட் கோ' திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்தியது. கோவிட் தடுப்பூசி போட்டவர் வந்து இறங்கி, ஓர் இரவு ஹோட்டலில் தங்கி, பிசிஆர் முடிவு நெகட்டிவ் என்று வந்ததும் நாடு முழுக்கச் சுற்றலாம் என்று இருந்த திட்டம் அது. நவம்பர் 1-ஆம் தேதிதான் தொடங்கியது. இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. ஆனால் அதே நாட்டில், அதைவிடக் கெடுபிடியான புக்கெட் சாண்ட்பாக்ஸ் மூடப்படவில்லை. ஏழு இரவு தீவை விட்டு வெளியேறக் கூடாது, அங்கீகரித்த ஹோட்டலில்தான் தங்க வேண்டும், தங்கியிருக்கும்போதும் சோதனை உண்டு என்று பலரும் சலித்துக்கொண்ட திட்டம் நின்றது. எல்லோரும் விரும்பிய திட்டம் போனது.

தொற்றுக் காலத்தில் தீவுப் பயணம் போடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, 'எங்கே விதி குறைவு?' என்பது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தீவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கேட்க வேண்டியது வேறு: பாசிட்டிவ் என்று ஒரு முடிவு வந்தால், அது பயணத்தின் எந்தக் கட்டத்தில் வரும்? அப்போது நான் எங்கே இருப்பேன், எவர் செலவில்? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் 2020 முதல் 2022 வரை தீவுகள் போட்ட அத்தனை விதிகளும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த சர்வதேச அவசரநிலையை 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது. அதனால் இதெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். ஆனால் இன்னொரு கிருமி கிளம்பினால் அதிகாரிகள் புதிதாக ஒன்றும் யோசிக்கப் போவதில்லை. பழைய படிவத்தையும் செயலியையும் தூசி தட்டி எடுப்பார்கள். ஆகவே அந்த வகைகளை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கிளம்பும் முன் சோதனை

மாலத்தீவும் செஷல்ஸும் ஹவாயும் பெரும்பாலும் இந்த வழிக்கு வந்து சேர்ந்தன. மாலத்தீவு 2020 ஜூலை 15 அன்று திறந்தபோது சோதனையே கேட்கவில்லை. செப்டம்பர் 10 முதல் பிசிஆர் நெகட்டிவ் சான்று கட்டாயமானது. செஷல்ஸ் 2021 மார்ச் 25 முதல் தடுப்பூசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் வரலாம், 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் இருந்தால் போதும் என்றது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஹவாயில் 2020 மார்ச் 26 முதல் வந்திறங்கும் எல்லோருக்கும் 14 நாள் தனிமை இருந்தது. அக்டோபர் 15 முதல் முன்சோதனை செய்துகொண்டு வந்தால் அதிலிருந்து விலக்கு கிடைத்தது.

இந்த வழியில் கெட்ட செய்தி வந்தால் அது வீட்டில் இருக்கும்போதே வரும். டிக்கெட் பணம் போகலாம், ஹோட்டல் முன்பணம் போகலாம். ஆனால் சொந்தப் படுக்கை, தெரிந்த மருத்துவர், புரிகிற மொழி எல்லாம் இருக்கும். ஒரு வாரம் மட்டுமே விடுப்பு உள்ளவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இதில் இருந்த உண்மையான தலைவலி மணிக்கணக்கு. 72 மணி, 96 மணி என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பலர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். எதிலிருந்து எதுவரை எண்ணுவது என்பதுதான் முக்கியம். ஹவாய் கடைசி விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணியது. மாலத்தீவு பின்னாளில் 96 மணி என்று தளர்த்தியபோது, பயணத்தின் முதல் விமான நிலையத்திலிருந்து புறப்படும் நேரத்தை வைத்து எண்ணியது. வழியில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் அங்கே மறுபடி சோதனை எடுக்க வேண்டும் என்றது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். முதல் விமானம் வெள்ளி காலை 6 மணி, கடைசி விமானம் அதே நாள் இரவு 10 மணி. செவ்வாய் மாலை 6 மணிக்கு மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தாகிவிட்டது. முதல் விமானம் வரை எண்ணினால் 60 மணி நேரம், நிம்மதி. கடைசி விமானம் வரை எண்ணினால் 76 மணி நேரம். ஹவாய்க் கணக்கில் அந்தச் சான்று செல்லாத காகிதம். இரண்டு விமானங்களும் வெவ்வேறு நேர மண்டலத்தில் புறப்பட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகும். எண்ணிக்கை தொடங்குவது மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு கையொப்பமான நேரத்திலிருந்தா என்பதும் தனிக் கேள்வி. சில ஆய்வகங்கள் தேதியை மட்டும் அச்சிட்டுவிட்டு நேரத்தை விட்டுவிடும். அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு வெளியே வரக் கூடாது. அங்கேயே நின்று நேரத்தைப் போட்டு வாங்க வேண்டும்.

ஹவாய் இன்னொரு நிபந்தனையும் வைத்தது. எந்த ஆய்வகத்தின் முடிவும் ஆகாது. அரசு பட்டியலிட்ட சோதனைக் கூட்டாளிகளின் முடிவுதான் செல்லும். 2020 நவம்பர் 24 முதல் முடிவு கையில் இருந்தபடிதான் கடைசி விமானத்தில் ஏற வேண்டும் என்றானது. முன்பு முடிவு வரும்வரை மட்டும் தனிமையில் இருந்தால் போதும் என்று இருந்தது. அதன் பிறகு, இறங்கிய மறுநாள் நெகட்டிவ் என்று வந்தாலும் முழுத் தனிமை தவிர்க்க முடியாததாயிற்று. ஆகவே இவ்வகைத் தீவுக்குப் போகும்போது ஆய்வகத்தைத் தேர்வு செய்ய வேண்டியது விலையைப் பார்த்தல்ல, எவ்வளவு நேரத்தில் முடிவு தருகிறது என்பதைப் பார்த்து.

அண்மையில் நோய் வந்து குணமானவருக்கு இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு. பிசிஆர் கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடுகிறது. உயிருள்ள கிருமியா, மிச்சமா என்று அதற்குத் தெரியாது. குணமான பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, பாசிட்டிவ் காட்டும். குணமடைந்த சான்றையோ ஆன்டிஜென் சோதனையையோ ஏற்காத தீவு அவருக்கு ஆகாது.

பிறகு, முதல் எல்லை தீவில் இல்லை. புறப்படும் ஊரின் செக்-இன் கவுண்டரில் இருக்கிறது. நுழைய அனுமதி கிடைக்காதவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு, பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் கவுண்டரில் இருப்பவர் சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார். அவர் பார்ப்பது தீவின் சுற்றுலாத் துறை போடும் அழகான பக்கத்தை அல்ல. விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் 'டைமாட்டிக்' என்ற விதித் தரவுத்தளத்தை. சில விமான நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே பயணிகள் அதே விவரத்தைத் தேட வசதி தந்திருந்தன. கிளம்பும் முந்தைய நாள் அதில் ஒருமுறை பார்ப்பது பத்துக் கட்டுரைகள் படிப்பதைவிட மேல், இந்தக் கட்டுரை உட்பட.

இறங்கியதும் சோதனை, தீவுக்குள்ளேயே காவல்

புக்கெட் சாண்ட்பாக்ஸ் 2021 ஜூலை 1 அன்று தொடங்கியது. ஆரம்பத்தில் 14 இரவு தீவில் தங்க வேண்டும், மூன்று பிசிஆர், ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு, 'ஷா பிளஸ்' என்ற சுகாதாரத் தர முத்திரை பெற்ற ஹோட்டல், தூதரகம் தரும் நுழைவுச் சான்று. அக்டோபர் 1 முதல் ஏழு இரவு என்று குறைந்தது. நவம்பரில் நுழைவுச் சான்றுக்குப் பதில் 'தாய்லாந்து பாஸ்' என்ற இணைய அனுமதி வந்தது; காப்பீட்டுத் தொகையும் பாதியானது. பிஜி 2021 டிசம்பர் 1 அன்று திறந்தபோது கிட்டத்தட்ட இதன் சிறிய வடிவம்தான்: பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வரும் தடுப்பூசி போட்டவர்கள், முதல் மூன்று இரவு அங்கீகரித்த ஹோட்டல், அதன் பிறகு ஒரு சோதனை.

காகிதத்தில் பார்த்தால் அச்சமூட்டும் பட்டியல். ஆனால் நடப்பில் புக்கெட்டில் இறங்கி முதல் சோதனை முடிவு வந்ததும் கடற்கரைக்குப் போகலாம், வண்டி எடுத்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றலாம். விடுமுறைக்கு வந்தவர் அந்தத் தீவில்தான் இருக்கப் போகிறார். தீவை விட்டுப் போகாதே என்பது அவருக்கு எப்படித் தண்டனையாகும்?

தண்டனை வேறிடத்தில் இருந்தது. இரண்டாவது சோதனையில் பாசிட்டிவ் வந்தால் மருத்துவமனைக்கோ 'ஹாஸ்பிடெல்' எனப்பட்ட, மருத்துவக் கண்காணிப்புள்ள ஹோட்டலுக்கோ போக வேண்டும். நோயறிகுறி எதுவும் இல்லாதவரின் அறைக் கட்டணத்தைக் காப்பீடு ஏற்குமா என்பது பாலிசியின் பொடி எழுத்தில் இருக்கும். 'கோவிட் சிகிச்சைச் செலவு' என்ற வரியும் 'கட்டாயத் தனிமைச் செலவு' என்ற வரியும் ஒன்றல்ல. இரண்டும் இருக்கிற பாலிசிதான் இந்த வகைத் தீவுக்குத் தகுதியானது. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் பாசிட்டிவ் என்றால் மற்றவர் எங்கே தங்குவார் என்பதை ஹோட்டலிடம் எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

ஆக, சாண்ட்பாக்ஸ் முறையில் தோல்வி நடுவழியில் வருகிறது. குறைந்தது மூன்று வார நெகிழ்வு இருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. பத்தாம் நாள் அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டியவருக்கு அது ஆபத்து. ஆனால் முதலில் சொன்ன காரணத்துக்காக, இந்த வகைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்: கெடுபிடியோடு திறக்கிற இடத்துக்கு, பயந்து மூட வேண்டிய அவசரம் குறைவு. தளர்வாகத் திறந்த இடம்தான் முதல் புது அலையிலேயே பின்வாங்குகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டிசம்பர் நிறுத்தத்தின்போது ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்தவர்களைத் தாய்லாந்து கைவிடவில்லை, புதியவர்களைத்தான் தடுத்தது. கையில் இருக்கும் ஒப்புதலுக்கு எடை உண்டு. அனுமதி வாங்க வேண்டிய தீவு என்றால், விண்ணப்பம் திறக்கிற முதல் நாளே போட்டுவிடுவது நல்லது.

முதலில் தனிமை, அப்புறம் விடுமுறை

மொரிஷியஸ் 2020 அக்டோபர் 1 முதல் 14 நாள் தனிமையோடு ஆட்களை அனுமதித்தது. 2021 ஜூலை 15 முதல் தடுப்பூசி போட்டவர்கள் அந்த நாட்களைக் குறிப்பிட்ட ரிசார்ட்டுகளுக்குள் கழிக்கலாம் என்றானது. அக்டோபர் 1 முதல்தான் சுதந்திரம். பாலி 2021 அக்டோபர் 14 அன்று 19 நாடுகளுக்குத் திறந்துவிட்டதாக அறிவித்தது, ஐந்து நாள் தனிமையோடு. ஆனால் சுற்றுலாப் பயணிகளோடு முதல் நேரடி சர்வதேச விமானம் அங்கே இறங்கியது 2022 பிப்ரவரியில். மூன்றரை மாதம் திறந்தே கிடந்த கதவு, உள்ளே வர ஆளில்லை.

ஒரு வாரப் பயணிக்கு இந்த வகையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. தள்ளிவிடலாம். பாலியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: 'திறந்தோம்' என்ற அறிவிப்பைப் பார்த்து டிக்கெட் போடக் கூடாது. விமான அட்டவணையைப் பார்க்க வேண்டும். எந்தப் பெரிய விமான நிறுவனமும் பறக்காத தீவு, காகிதத்தில் மட்டும் திறந்திருக்கிறது என்று பொருள்.

நீண்ட நாள் தங்குவதானால் இதே தனிமை அற்பமாகிவிடும். பார்படோஸ் 2020 ஜூலையில் அறிமுகப்படுத்திய 'வெல்கம் ஸ்டாம்ப்' விசா, தொலைவிலிருந்து வேலை செய்பவர்களை 12 மாதம் தங்க அனுமதித்தது; கட்டணம் தனி ஆளுக்கு 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000 டாலர், ஆண்டு வருமானம் 50,000 டாலர் இருக்க வேண்டும். ஓராண்டில் சில நாள் அறைக்குள் அடைபடுவது யாருக்கும் பெரிதல்ல. ஆனால் அது விடுமுறை அல்ல, குடிபெயர்வு.

திரும்பி வரும் விதி

தீவின் விதியை ஒன்றுக்கு நான்கு முறை படித்தவர்கள்கூடத் தங்கள் சொந்த நாட்டின் விதியை மறந்தார்கள். 2021-ல் பல தீவுப் பயணங்கள் கெட்டது இங்கேதான்.

பிரிட்டன் 2021 மே 12 அன்று மாலத்தீவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. மாலத்தீவு பிரிட்டிஷ் பயணியை வரவேற்றுக்கொண்டுதான் இருந்தது. அதன் பக்க விதியில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஊர் திரும்புபவர் அரசு ஏற்பாடு செய்த ஹோட்டலில் பத்து நாள் அடைபட வேண்டும், ஒரு பெரியவருக்கு 1,750 பவுண்டு சொந்தக் காசில். ஆகஸ்ட் 12 முதல் அது 2,285 பவுண்டு. செப்டம்பர் 22 அன்றுதான் பட்டியலிலிருந்து நீக்கம். அமெரிக்கா 2021 ஜனவரி 26 முதல் விமானத்தில் வரும் எல்லோரிடமும், சொந்தக் குடிமக்கள் உட்பட, மூன்று நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் முடிவையோ 90 நாளுக்குள் நோய் வந்து குணமான ஆவணத்தையோ கேட்டது. ஒமைக்ரான் வந்ததும் டிசம்பர் 6 முதல் சோதனைக் கெடு ஒரே நாளாகச் சுருங்கியது. அந்த விதி 2022 ஜூன் 12 வரை இருந்தது. அதாவது, நுழைய எதுவும் கேட்காத தீவுக்குப் போனவருக்கும் கடைசி நாள் காலையில் ஒரு சோதனை காத்திருந்தது. அதில் பாசிட்டிவ் வந்தால் விமானம் ஏற முடியாது.

பலாவ் தீவு இதற்கு நல்ல சாட்சி. 2021 ஏப்ரல் 1 அன்று தைவானோடு பயணக் குமிழி ஒன்றை, அதாவது இரண்டு இடங்களுக்கிடையே மட்டும் பயணிகள் வந்துபோகும் ஏற்பாட்டை, தொடங்கியது. நோயே இல்லாத தீவு. ஆனால் திரும்பி வருபவர்கள் மேல் தைவான் விதித்த கண்காணிப்பு நாட்களும், சுற்றுலாத் தொகுப்பின் விலையும் சேர்ந்து ஆட்களை விரட்டின. சில வாரங்களிலேயே விமானங்கள் ரத்தாயின. உடனே தைவான் விதியைத் தளர்த்த வேண்டி வந்தது.

ஆகவே ஒப்பிடும்போது தீவுகளை மட்டும் வரிசைப்படுத்தினால் போதாது. தீவும் ஊரும் சேர்ந்த ஜோடியாகப் பார்க்க வேண்டும். போகும் வழியில் ஒரு சோதனை, வரும் வழியில் ஒரு சோதனை என்றால், பிந்தையதுதான் செலவு அதிகம். ரிசார்ட்டிலேயே சோதனை எடுக்க வசதி உண்டா, பாசிட்டிவ் வந்தால் அதே வளாகத்தில் தனி அறையில் இருக்க அனுமதி உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று அமைந்த மாலத்தீவுக்கு இதில் இயற்கையான வசதி இருந்தது: பல ரிசார்ட்டுகள் தனிமை அறைகளை ஒதுக்கிவைத்திருந்தன, சுற்றிலும் கடல்.

யார் திடீரென்று மாற்றுவார்கள்?

ஹவாயின் கவாய் தீவு மாநிலத்தின் முன்சோதனைத் திட்டத்திலிருந்து 2020 டிசம்பர் 2 அன்று விலகிக்கொண்டது. சோதனை எடுத்துக்கொண்டு வந்தாலும் தனிமை உண்டு என்றது. ஒரே மாநிலம், பக்கத்துத் தீவில் வேறு விதி. முழுதாகத் திரும்பச் சேர்ந்தது 2021 ஏப்ரல் 5 அன்று. இடையில் ரிசார்ட்டுக்குள் மூன்று நாள் இருந்து மறுசோதனை எடுக்கும் வழி ஒன்று இருந்தது. காரணம் புரியாததல்ல. சிறு தீவில் தீவிரச் சிகிச்சைப் படுக்கைகள் மிகச் சில. நிறைந்துவிட்டால் நோயாளியை விமானத்தில் வேறு தீவுக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஒரு தீவின் விதி எப்போது மாறும் என்று ஊகிக்க விரும்புகிறவர் தினசரித் தொற்று எண்ணிக்கையைவிட மருத்துவமனைப் படுக்கைகளைப் பற்றி உள்ளூர் செய்தித்தாள் என்ன எழுதுகிறது என்று பார்க்கலாம்.

எதிர்த் திசையில் இழுப்பது வருமானம். சுற்றுலாவை நம்பியே வாழும் மாலத்தீவு 2019-ல் 17 லட்சம் பயணிகளைக் கண்டது. 2020-ல் அது சுமார் ஐந்தரை லட்சமாக விழுந்தது. 2021-ல் 13 லட்சத்தைத் தாண்டி மீண்டது. அப்படிப்பட்ட நாடு எளிதில் முழுதாக மூடாது. ஆனால் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் மூடும்: 2021 மே 13 முதல் ஜூலை 15 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட தெற்காசிய நாடுகளிலிருந்து வந்த பயணிகளுக்கு அங்கே விசா கிடையாது. 'தீவு திறந்திருக்கிறது' என்ற செய்தியோடு 'யாருக்கு' என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தடுப்பூசியிலும் இதே கதைதான். கோவேக்சின் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் இடம் கிடைத்தது 2021 நவம்பர் 3 அன்று. அதுவரை அந்தப் பட்டியலை அளவுகோலாக வைத்த இடங்களில் கோவேக்சின் இரண்டு ஊசியும் போட்டவர் போடாதவராகவே நடத்தப்பட்டார்.

என் தேர்வு

ஒரு வார விடுப்பு, நேரடி விமானம், இரண்டு பெரியவர்கள் என்றால் கிளம்பும் முன் சோதனை கேட்கும் தீவு; அதிலும் ரிசார்ட்டிலேயே தனிமையை அனுமதிக்கிற தீவு. வழியில் ஓர் ஊரில் மாற வேண்டியிருந்தால் அந்த ஊரின் விதியும் சேரும். மூன்றாவது அரசாங்கம் உள்ளே வந்துவிட்டது என்று கணக்கு. மூன்று வாரமும் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவருக்கு சாண்ட்பாக்ஸ் வகை. எதுவுமே கேட்காத தீவு கண்ணில் பட்டால், அது நாளைக்குக் கேட்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். நுழைய எதுவும் கேட்காத மாலத்தீவு இரண்டே மாதத்தில் கேட்டது.

குழந்தைகளோடு போகிறவர்கள் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். தடுப்பூசி வயதுக்கு வராத பிள்ளைக்கு என்ன விதி என்பதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் தீவைப் பார்க்க வேண்டும். பெற்றோருக்குத் தடை இல்லாத இடத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனிமை இருந்தால், அது முழுக் குடும்பத்துக்கும் தனிமைதான்.

திரும்பும் நாள் ஒரு நாள்கூடத் தள்ள முடியாதவர்களுக்கு, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருப்பவர்களுக்கு, ஒத்திப்போடுவதே நேர்மையான பதில். டிக்கெட்டைத் தேதி மாற்றும் வசதியோடு எடுத்து, ஹோட்டலைக் கடைசி வாரம் வரை ரத்து செய்யலாம் என்ற கட்டணத்தில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். விலை சற்று கூடும். இந்தக் கூடுதல் தொகையைக் காப்பீட்டை நம்பித் தவிர்க்க நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நோய் வந்தால் பணம் தரும் பாலிசி, விதி மாறியதால் போக மனமில்லை என்றால் பொதுவாகத் தராது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற வகைப் பாலிசி சில நாடுகளில் உண்டு. அதிலும் முழுத் தொகை வராது, பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம், முதல் முன்பணம் கட்டிய சில வாரங்களுக்குள்ளேயே அதை வாங்கியிருக்கவும் வேண்டும்.